ஒரு சமையற்கலைஞருக்குப் பின்னால் ஊர் நின்ற விதம்

எங்கள் ஊரிலேயே பிறந்து, அங்கேயே தொழில் பழகிய ஒரு சமையற்கலைஞர் ஐரோப்பாவில் நடைபெற இருந்த சர்வதேசச் சமையல் போட்டி ஒன்றுக்குத் தேர்வானபோது, அவருக்குத் துணை நிற்பதற்காக ஒரு சிறு குழு அமைந்தது. அந்தக் குழுவின் வரவுசெலவையும், ஒத்திகைகளின் நேரக்கணக்கையும் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் சமையல் தொழிலில் இருப்பவன் அல்லன்; கணக்கராக வேலை பார்ப்பவன். ஆனாலும் தேர்வுச் செய்தி வந்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கப்பட்ட நாள் வரையும், அதற்குப் பின்னும், அவருடன் இருந்து பார்த்தவன் என்ற முறையில், இத்தகைய வாய்ப்பு இன்னொருவருக்குக் கிடைக்கும்போது அவரைச் சுற்றியிருப்பவர்களுக்குப் பயன்படக்கூடிய சிலவற்றை எழுதி வைப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

செய்தி பரவிய உடனேயே பாராட்டு விழா எப்போது என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. அன்பினால் கேட்கப்பட்ட கேள்வி அது. அதில் தவறு காண எனக்கு மனமில்லை. ஆனால் குழு கூடிய முதல் நாளிலேயே, தமக்கு என்ன வேண்டும் என்று செஃப் தெளிவாகச் சொன்னார். "ஐந்தாறு மணி நேரம் யாரும் குறுக்கிடாமல் சமைக்க ஓர் இடம் வேண்டும். உண்மையைச் சொல்லும் நாக்கு உள்ள சிலர் வேண்டும். என்னுடன் உதவியாளராக வரும் தம்பிக்கு இந்த மாதங்களில் வருமானம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விழாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஐயா" என்றார். அந்த மூன்று தேவைகளையும் நிறைவேற்றுவதுதான் எங்கள் வேலை என்று அன்றே முடிவு செய்தோம். ஊரில் பொங்கிய பெருமிதத்தை இந்த மூன்று வேலைகளுக்குள் எப்படித் திருப்பினோம் என்பதே இந்தக் கட்டுரை.

முதலில் நாங்கள் போட்டிகளைப் பற்றிப் படித்தோம். இந்தத் துறைக்கு நீண்ட வரலாறு உண்டு என்பதே எங்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது. சமையல் ஒலிம்பிக் என்று அழைக்கப்படும் போட்டி 1900ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் தொடங்கியது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் அது, 2020 முதல் ஸ்டுட்கார்ட் நகரில் நடைபெறுகிறது. பிரெஞ்சுச் சமையற்கலைஞர் போல் பொக்யூஸ் 1987இல் தொடங்கிய பொக்யூஸ் தோர் போட்டியின் இறுதிச்சுற்று இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை லியோன் நகரில் நடக்கிறது. இவற்றைத் தவிர லக்சம்பர்கில் நடக்கும் சமையல் உலகக் கோப்பையும், 1928இல் பாரிஸில் தோன்றிய உலகச் சமையற்கலைஞர் சங்கக் கூட்டமைப்பின் விதிகளைப் பின்பற்றி நடக்கும் பல போட்டிகளும் உள்ளன. ஒவ்வொன்றின் விதியும் வேறு, நேரமும் வேறு, மதிப்பிடும் முறையும் வேறு. எனவே, போட்டியாளரின் விதிப்புத்தகத்தைக் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருக்க வேண்டும் என்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன். செஃப் படித்திருக்கிறார் என்பது போதாது. சமையலில் மூழ்கியிருக்கும் அவர் கவனிக்கத் தவறும் ஒரு வரியை வெளியில் இருப்பவர்தான் கவனிக்க முடியும்.

அந்தப் படிப்பில் ஊருக்குக் கட்டாயம் விளக்க வேண்டியதாக ஒரு செய்தி கிடைத்தது. உலகக் கூட்டமைப்பின் முறையைப் பின்பற்றும் போட்டிகளில் பதக்கம் பெரும்பாலும் புள்ளிகளின் அடிப்படையில் வழங்கப்படுகிறது. நூற்றுக்கு 90 புள்ளிகளும் அதற்கு மேலும் பெறுபவர்களுக்குத் தங்கம். 80 முதல் வெள்ளி. 70 முதல் வெண்கலம். 60 முதல் சான்றிதழ். ஒரே பிரிவில் பலர் தங்கம் பெறலாம். ஒருவருமே பெறாமலும் போகலாம். பொக்யூஸ் தோர் போட்டியிலோ முதல் மூன்று அணிகளுக்கே தங்கம், வெள்ளி, வெண்கலம். எங்கள் செஃப் கலந்துகொண்டது புள்ளிமுறைப் போட்டி. தங்கம் என்றால் உலக முதலிடம், வெள்ளி என்றால் தோல்வி என்று ஊரில் பலர் எண்ணிக்கொண்டிருந்ததால், போட்டிக்குப் பல வாரங்களுக்கு முன்பே ஒரு கூட்டம் கூட்டி இதை விளக்கினோம். ஒரு பெரியவர் எழுந்து, "அப்படியானால் நம் பிள்ளை அடுத்தவரோடு போட்டியிடவில்லை, அந்தத் தாளில் எழுதியிருக்கும் அளவோடு போட்டியிடுகிறார்" என்றார். அவர் அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டது எங்களுக்குப் பெரிய நிம்மதி. முடிவு வந்த பிறகு இதை விளக்க முயன்றிருந்தால், அது சமாதானம் சொல்வதாகவே தோன்றியிருக்கும்.

சிறிய இடத்திலிருந்து செல்பவர் பெரிய நாடுகளின் அணிகளுக்கு முன் நிற்க முடியுமா என்ற தயக்கமும் சிலருக்கு இருந்தது. அதற்கு வரலாற்றில் விடை இருந்தது. மிகச் சிறிய நாடான லக்சம்பர்கைச் சேர்ந்த லெயா லின்ஸ்டர் 1989இல் பொக்யூஸ் தோர் பட்டத்தை வென்று, அதை வென்ற முதல் பெண்மணி ஆனார். நான்கு லட்சத்தை ஒட்டிய மக்கள்தொகையே கொண்ட ஐஸ்லாந்தின் தேசிய அணி 2020இலும் 2024இலும் சமையல் ஒலிம்பிக்கில் மூன்றாம் இடம் பெற்றது. இவற்றை உதவியாளராகச் செல்லவிருந்த இளைஞரிடம் சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. செஃப் அனுபவம் உள்ளவர். அவருக்கு இத்தகைய செய்திகள் தேவைப்படவில்லை.

இனி ஒத்திகைக்கு வருகிறேன். எங்கள் நேரத்தில் மிகப் பெரும் பகுதி அங்கேதான் சென்றது. ஊர் செய்த உதவியில் மிகப் பெரும் பகுதி பயன்பட்டதும் அங்கேதான்.

விருந்துகளுக்குச் சமைத்து வழங்கும் தொழில் செய்யும் ஒருவர், தம் சமையற்கூடத்தை வார விடுமுறை நாளில் எங்களுக்குக் கொடுத்தார். விதிப்புத்தகத்தில் போட்டிச் சமையலறையின் வரைபடமும் அளவுகளும் இருந்தன. அந்த அளவைத் தரையில் நாடாவால் ஒட்டி, அடுப்பு, ஓவன், கழுவுதொட்டி, குளிர்பெட்டி, பரிமாறும் மேசை ஆகியவை எங்கெங்கு வருகின்றனவோ அங்கங்கு மேசைகளை நகர்த்தி வைத்தோம். பெரிய கூடத்தில் பழகியவர் சிறிய கட்டத்துக்குள் வந்தவுடன் அவருடைய கை, கால், பார்வை எல்லாமே மாற வேண்டியிருக்கிறது. நாடாவைத் தாண்டிக் காலை வைத்தால் அதையும் நான் குறித்துக்கொண்டேன். எங்களிடம் இருந்த ஓவனும் போட்டியில் தரப்படும் ஓவனும் வேறு வேறு மாதிரிகள்; நீராவியும் வெப்பக்காற்றும் சேர்ந்து இயங்கும் அந்த வகை ஓவனில் ஈரப்பத அளவைச் சற்று மாற்றினாலும் வேகும் நேரம் மாறிவிடும். அதனால் அதே மாதிரியை விற்கும் நிறுவனம் ஒன்றின் செயல்விளக்கக் கூடத்தில் அனுமதி பெற்று, முக்கியமான பக்குவங்களை அங்கே சோதித்தோம். கேட்டால் கிடைக்கும் உதவிகள் பல இருக்கின்றன. ஊரின் பெயரால் ஒருவர் சென்று முறையாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நேரக்கணக்கு என்றால் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் எழுதுவது என்றுதான் தொடக்கத்தில் எல்லோரும் நினைத்தார்கள். மொத்த நேரம் எதையும் கற்றுத் தராது. வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் திட்டமிட்ட நேரம், எடுத்த நேரம், செய்தவர், காத்திருந்த காரணம் என்று நான்கு நிரல்கள் கொண்ட தாள் ஒன்றை நான் தயாரித்தேன். சில வாரங்களிலேயே அந்தத் தாள்கள் ஒரு செய்தியைத் தெளிவாகக் காட்டின. வெட்டுவதிலோ வதக்குவதிலோ நேரம் வீணாகவில்லை. கரண்டியைத் தேடுவதிலும், கழுவுதொட்டி காலியாகக் காத்திருப்பதிலும், ஒரே ஓவனின் கதவை இருவரும் வெவ்வேறு வெப்பநிலைக்காகத் திறக்க வேண்டியிருந்ததிலும்தான் நிமிடங்கள் கரைந்தன. ஒருவர் மேல் குறை சொல்லாமல், தாளை மேசையில் வைத்துப் பேசும்போது, தீர்வு தானாகவே வந்தது. ஒவ்வொரு கருவிக்கும் தட்டில் ஓர் இடம் வரையப்பட்டது. ஓவனுக்கு ஒரு கால அட்டவணை எழுதப்பட்டது.

சாஸ் சுண்டுவதற்குத் திட்டமிட்டதைவிட அதிக நேரம் தொடர்ந்து பிடித்தது. நீர் ஆவியாகும் வேகம் மேற்பரப்பைப் பொறுத்தது என்பதால், ஆழமான பாத்திரத்தை விட்டு அகலமான பாத்திரத்துக்கு மாறியபோதே அந்தச் சிக்கல் தீர்ந்தது. இறைச்சியை அடுப்பிலிருந்து எடுத்த பிறகும் அதன் உள்வெப்பநிலை சில டிகிரி ஏறும். ஓய்வு கொடுக்கும் அந்த நிமிடங்கள் எங்கள் முதல் அட்டவணையில் இல்லை. தட்டுகளைச் சூடாக்கி வைக்காவிட்டால் சாஸின் மேல் ஏடு படியும். ஆனால் தட்டு மிகவும் சூடாக இருந்தால் ஓரத்தில் உள்ள சாஸ் காய்ந்து கோடாகிவிடும். இவை எல்லாம் தொழில் தெரிந்தவர்களுக்குப் புதியவை அல்ல. எனினும், தெரிந்த ஒன்றை எந்த நிமிடத்தில் செய்வது என்று எழுதப்பட்டிருப்பது போட்டியில் பெரும் வேறுபாட்டை உண்டாக்குகிறது.

நேரத்தை அறிவிப்பதற்கும் ஓர் ஒழுங்கு தேவை. முதலில் அரை மணிக்கு ஒருமுறை, கடைசி ஒரு மணியில் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை, கடைசிப் பத்து நிமிடங்களில் ஒவ்வொரு நிமிடமும் என்று செஃப் கேட்டுக்கொண்டபடி அறிவித்தேன். அதைத் தவிர ஒரு சொல்லும் பேசுவதில்லை. 'வேகமாக', 'பயப்படாதீர்கள்' போன்ற சொற்கள் சமைப்பவரின் கவனத்தைக் கலைக்கின்றன. பார்ப்பவர் வாய்மூடி இருப்பது ஒரு பயிற்சி; எங்கள் குழுவில் உற்சாகம் மிகுந்த சிலருக்கு அது மிகவும் கடினமாக இருந்தது. அவர்களுக்கு வேறு வேலை கொடுத்தோம். கொள்முதல், பாத்திரம் கழுவுதல், பொருள்களை எடை போட்டுப் பொட்டலமிடுதல் ஆகியவற்றை அவர்கள் செய்த நேர்த்தியை இன்றும் நன்றியுடன் நினைக்கிறேன்.

போட்டியில் சுவையை மதிப்பிடும் நடுவர்களோடு, சமையலறைக்குள் சுற்றிவந்து வேலைமுறையைப் பார்க்கும் நடுவர்களும் உண்டு. தூய்மை, வீணாகும் பொருளின் அளவு, உணவு பாதுகாக்கப்படும் வெப்பநிலை, உதவியாளரோடு இணைந்து வேலை செய்யும் முறை எல்லாவற்றையும் அவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். மருத்துவ ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எங்கள் குழு உறுப்பினர் ஒருவர், இந்த நடுவரின் இடத்தை ஏற்றுக்கொண்டார். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் எந்தப் பொருள் எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது, பச்சை இறைச்சிக்குப் பயன்பட்ட பலகை எங்கே வைக்கப்பட்டது, கையுறை எப்போது மாற்றப்பட்டது, பெட்டிகளில் பெயரும் தேதியும் ஒட்டப்பட்டிருந்தனவா என்று அவர் எழுதிய குறிப்புகள் என் நேரத்தாள்களைவிடக் கண்டிப்பானவை. குப்பையை வகைபிரித்து எடை போடும் வழக்கத்தையும் அவர்தான் கொண்டுவந்தார். சமையல் தெரியாத ஒருவர் எப்படி உதவ முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் அவரைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

சுவைப்பது எங்களுக்கு எல்லாவற்றையும்விடக் கடினமான வேலையாக இருந்தது. அன்புள்ளவர்கள் சுவை பார்த்தால் எல்லாமே நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. பெருமிதத்தோடு உண்ணும்போது உப்பு கூடியிருப்பது உண்மையிலேயே தெரிவதில்லை. இதைத் தாண்டுவதற்கு நாங்கள் ஒரு முறையை வகுத்தோம். சுவைப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. பெயர் எழுதாத சீட்டில் மட்டும் கருத்தை எழுத வேண்டும். செஃப் அந்த அறையில் இருக்கக் கூடாது. ஒரே சாஸை இரண்டு உப்பளவில் செய்து, மூன்று கிண்ணங்களில் ஊற்றி, இரண்டில் ஒன்றையும் மூன்றாவதில் மற்றதையும் வைத்து, எது வேறுபட்டது என்று கண்டுபிடிக்கச் சொன்னோம். உணவுத் துறையில் சுவைச் சோதனைக்கு வழக்கமாகப் பயன்படும் முறை இது. கிண்ணங்களின் மேல் மூன்று இலக்க எண்கள் மட்டும் இருக்கும். எந்த எண் எது என்ற பட்டியல் என்னிடம் இருக்கும். பலமுறை சரியாகக் கண்டுபிடித்தவர்களையே சுவைக்குழுவில் நிலையாக வைத்துக்கொண்டோம். விலகிக்கொள்ளும்படி கேட்கப்பட்ட சிலருக்கு வருத்தம் இருந்தது. ஆயினும் காரணத்தைக் கேட்டபின் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

இன்னும் இரண்டு ஏற்பாடுகள் மிகவும் பயன்பட்டன. பல நாடுகளைச் சேர்ந்த நடுவர்கள் சுவைக்கப் போகிறார்கள் என்பதால், வெவ்வேறு உணவுப் பழக்கம் உள்ளவர்களைக் குழுவில் சேர்த்தோம். ஒருவருக்குப் பழகிய காரம் இன்னொருவருக்கு மற்றச் சுவைகளை மறைத்துவிடுகிறது. அடுத்து, தட்டு வந்தவுடன் சுவைக்க யாரையும் விடவில்லை. நடுவர்கள் முதலில் பார்ப்பார்கள், குறிப்பெழுதுவார்கள், சில இடங்களில் படமும் எடுக்கப்படும். அதற்குப் பிறகே கரண்டி தட்டைத் தொடும். ஆகவே சில நிமிடங்கள் காத்திருந்து, அந்த நிலையில் உணவு எப்படி இருக்கிறதோ அதையே மதிப்பிட்டோம். மொறுமொறுப்பாக இருக்க வேண்டிய ஒரு துணைப்பொருள் அந்த இடைவெளியில் தளர்ந்துவிடுகிறது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அதன் மாவுக் கலவையையே செஃப் மாற்றினார்.

செஃபுக்கு இளம்வயதில் தொழில் கற்றுக்கொடுத்த முதியவரும் சுவைக்குழுவில் இருந்தார். அவர் சீட்டில் எழுதுவதற்கு இசையவில்லை. நேரில்தான் சொல்வேன் என்றார். அவருக்கு மட்டும் அந்த விலக்கு அளிக்கப்பட்டது. ஒரு மாலை, எல்லோரும் பாராட்டிய ஒரு தட்டை உண்டு முடித்துவிட்டு, "தம்பி, இதில் ஒரு பொருள் அதிகமாக இருக்கிறது. எதை எடுப்பது என்று நான் சொல்ல மாட்டேன், உனக்கே தெரியும்" என்றார். "தெரியும், மாஸ்டர்" என்று செஃப் சொன்னார். அடுத்த ஒத்திகையில் தட்டு மெலிந்து வந்தது. சீட்டுகளில் மதிப்பெண் கூடியது. உண்மையைச் சொல்லும் உரிமை உள்ள ஒருவர் ஒவ்வொரு கலைஞருக்கும் இருப்பார். அவரைக் கண்டுபிடித்து ஒத்திகைக்கு அழைத்துவருவது ஆதரவாளர்களின் முதல் வேலைகளில் ஒன்று என்றே நான் நினைக்கிறேன்.

இடையூறுகளையும் வேண்டுமென்றே உண்டாக்கினோம். ஓர் அடுப்பை நடுவில் அணைத்தோம். தயாராக வைத்திருந்த ஒரு தட்டை மறைத்தோம். இவற்றுக்கெல்லாம் செஃபின் ஒப்புதல் முன்கூட்டியே பெறப்பட்டிருந்தது, எந்த நாளில் எது நடக்கும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. லியோன் போட்டியின் காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு அங்கே எழும் பேரோசை தெரிந்திருக்கும். மணி, ஊதுகுழல், மேளம் என்று ஆதரவாளர்கள் அரங்கையே அதிரவைப்பார்கள். எல்லாப் போட்டியும் அப்படி இருப்பதில்லை என்றாலும், அந்தச் சூழலுக்கும் பழகியிருப்பது நல்லது என்று பட்டது. ஊரில் எல்லோரும் ஒத்திகையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்ததால், ஒருநாள் மட்டும் பொது ஒத்திகை வைத்து, வருபவர்கள் தங்களால் இயன்ற அளவு சத்தம் எழுப்பலாம் என்று அறிவித்தோம். குழந்தைகள் முதல் முதியவர்கள் வரை வந்தார்கள். அத்தனை பேரின் ஆர்வமும் அன்று போட்டியாளருக்கு நேரடியாகப் பயன்பட்டது. செஃப் சொன்னது உதவியாளருக்குக் கேட்கவில்லை; ஓவன் திறந்திருக்கிறது, தட்டு தயார், எனக்குப் பின்னால் நிற்கிறாய் ஆகிய செய்திகளுக்குக் கைச்சைகைகள் வேண்டும் என்பது அந்த ஓர் ஒத்திகையிலேயே தெரிந்துவிட்டது. ஊர் மக்களின் பெருமிதம் முழுமையாகப் பொருளுள்ளதாக மாறியதை அன்று என் கண்ணால் பார்த்தேன்.

பயண ஏற்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் சுங்க விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஒவ்வொருவரும் தங்கள் வணிகச் சங்கத்தில் நேரில் கேட்பதே சரி. தொழிற்கருவிகளைத் தற்காலிகமாக வெளிநாட்டுக்குக் கொண்டுசென்று திரும்பக் கொண்டுவர ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணம் இருக்கிறது. அதில் ஒவ்வொரு பொருளின் பெயர், எண்ணிக்கை, மதிப்பு எல்லாம் எழுதப்பட வேண்டும்; சமைத்துத் தீர்ந்துபோகும் பொருள்களை அதில் சேர்க்க இயலாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் இறைச்சியும் பால்பொருளும் கொண்டுவரப் பொதுவாக அனுமதி இல்லை; ஆகவே அவற்றை அங்கேதான் வாங்கியாக வேண்டும். ஒரே பெயர் கொண்ட இறைச்சித் துண்டு நாட்டுக்கு நாடு வேறு விதமாக வெட்டப்படுகிறது. மாவின் புரதமும், வெண்ணெயில் உள்ள நீரின் அளவும், தண்ணீரின் கடினத்தன்மையும்கூட வேறு. கடின நீரில் பருப்பு வகைகள் மெதுவாகவே வேகும். அந்த நகரத்தில் வாழும் ஒருவர் முன்கூட்டியே சந்தைக்குச் சென்று, அந்தப் பருவத்தில் கிடைக்கும் காய்களின் அளவையும் இறைச்சி வெட்டப்படும் விதத்தையும் படமெடுத்து அனுப்பியது எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவிகளில் ஒன்று. போட்டி அடுப்புகள் இன்டக்‌ஷன் வகை என்பதால், பாத்திரங்களின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தோம். பெட்டிகளைத் திறக்கும் வரிசையிலேயே அடுக்கி, வெளியில் எண் எழுதி, உள்ளே பட்டியல் ஒட்டினோம்.

பணத்தைப் பொறுத்தவரை, போட்டியாளரின் கையில் ஒரு நாணயம்கூடப் படக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நன்கொடை, செலவு இரண்டையும் குழு கவனித்து, மாதந்தோறும் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டியது. அதனால் செஃபிடம் எவரும் கணக்கு கேட்கவில்லை. உதவியாளரின் சம்பள இழப்பை ஈடுசெய்வதையே முதல் செலவாக வைத்தோம். அந்த இளைஞருக்குக் குடும்பப் பொறுப்பு இருந்தது. அவர் மனம் அமைதியாக இருந்தால்தான் செஃபின் கையும் அமைதியாக இருக்கும். உடையில் தங்கள் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று கேட்ட நன்கொடையாளர்களிடம், போட்டி விதி எதை அனுமதிக்கிறது என்பதை முதலிலேயே காட்டிவிட்டோம்.

செய்தியாளர்களோடும் நலம் விரும்பிகளோடும் பேசுவதற்கு ஒருவர் மட்டும் நியமிக்கப்பட்டார். புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் செஃபின் கைப்பேசி அந்த ஒருவரிடம் இருந்தது. 'உங்களை நம்பித்தான் இருக்கிறோம்' என்று ஒரு நாளில் நூறு பேர் சொன்னால், கேட்பவருக்கு அது சுமையாகிவிடுகிறது. இதைச் சொல்லாதீர்கள் என்று மக்களைத் தடுக்க முடியாது. அந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, போட்டி முடிந்த பிறகு கொடுத்தோம். அவர் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார். தட்டுகளின் படங்களை முன்கூட்டியே வெளியிடுவதையும் நிறுத்தினோம். போட்டிக்கான வடிவம் அரங்கில்தான் முதலில் தெரிய வேண்டும்.

போட்டி நாளில் நான் பார்வையாளர் பகுதியில் இருந்தேன். ஒத்திகையில் பழகிய வரிசை மாறாமல் எல்லாம் நடந்தது. நடுவில் உதவியாளரின் கையிலிருந்து ஒரு தட்டு நழுவியபோது செஃப் தலையை உயர்த்தாமல், ஒரு கையசைவால் மாற்றுத் தட்டைக் காட்டினார்; பொது ஒத்திகையில் பிறந்த அதே சைகை. தட்டுகள் குறித்த நேரத்துக்குள் பரிமாறும் மேசைக்குச் சென்றன.

வெள்ளி கிடைத்தது. தங்கத்துக்கான எல்லைக்குச் சற்றுக் கீழே அவருடைய புள்ளிகள் நின்றன. ஊரில் சிலர் வருந்தினார்கள் என்றாலும், புள்ளிமுறையை முன்பே அறிந்திருந்ததால் பெரும்பாலோர் அதன் மதிப்பை உணர்ந்தார்கள். டென்மார்க்கின் ராஸ்முஸ் கோஃபோட் பொக்யூஸ் தோர் போட்டியில் 2005இல் வெண்கலம், 2007இல் வெள்ளி பெற்று, 2011இல்தான் தங்கம் வென்றார் என்பதை அந்த நாள்களில் பலரிடம் சொன்னேன். இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் அவரோடு நின்றவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். முதல் முடிவோடு ஆதரவாளர்கள் கலைந்துவிட்டால், அடுத்த முயற்சியைக் கலைஞர் மீண்டும் தனியாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

முடிவு வந்த பிறகு நடுவர்களிடம் கருத்துக் கேட்க வாய்ப்பு இருந்தால், அதைத் தவறவிடவே கூடாது. களைப்பும் உணர்ச்சியும் மிகுந்த அந்த நேரத்தில் போட்டியாளரால் எல்லாவற்றையும் மனத்தில் வாங்க முடியாது; குறிப்பெழுத வேறொருவர் உடன் செல்ல வேண்டும். நான் எழுதிக்கொண்டேன். சுவையின் ஆழத்தைப் பாராட்டிய நடுவர்கள், ஒரு துணைப்பொருள் இருக்க வேண்டிய சூட்டில் இல்லை என்றும், அளவில் தட்டுக்குத் தட்டு சிறு வேறுபாடு இருந்தது என்றும் சொன்னார்கள். இரண்டுமே அளந்து திருத்தக்கூடியவை. ஊர் திரும்பும் வழியிலேயே செஃப் அவற்றைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

பாராட்டு விழாவும் நடந்தது. மேடையில் தமக்கு அருகில் யார் யார் அமர வேண்டும் என்ற பட்டியலைச் செஃபே கொடுத்தார்: உதவியாளர், அவருடைய பெற்றோர், சமையற்கூடத்தைக் கொடுத்தவர், பாத்திரம் கழுவியவர்கள், ஆய்வகத்தில் பணிபுரியும் அந்த உறுப்பினர், தொழில் கற்றுக்கொடுத்த முதியவர். ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்று அவர் பெயர் சொல்லி விளக்கியபோது, போட்டி எப்படி நடந்தது என்பதையும் ஊர் முதல்முறையாக முழுவதும் தெரிந்துகொண்டது. மறுவாரமே சில இளைஞர்கள் தொழில் கற்க விரும்புவதாக வந்தார்கள்.

இப்போது அந்த உதவியாளர் இளையோர் பிரிவுக்குத் தயாராகிறார். செஃப் நாடாவுக்கு வெளியே நின்று பயிற்சி அளிக்கிறார். சமையற்கூடம் மீண்டும் வார விடுமுறை நாளில் எங்களுக்குத் திறக்கிறது. என் நேரத்தாளில், பரிமாறும்போது ஒவ்வொரு பொருளின் வெப்பநிலையையும், ஒவ்வொரு தட்டின் எடையையும் எழுதுவதற்கு இரண்டு நிரல்கள் கூடியிருக்கின்றன.